சைவ அம்மாவோட லாஸ் ஏஞ்சல்ஸ் கொரியாடவுன்ல ரெண்டு ராத்திரி: என்ன சாப்பிடலாம், எங்க சுத்தலாம்?

நீங்க கேட்டத ஒரு தடவ சொல்லிடறேன், அப்பதான் பதில் சரியா போகும். சான் ஹோசேல வேலை, ஊர்ல இருந்து அம்மா வந்திருக்காங்க, அக்டோபர்ல ரெண்டு ராத்திரிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கொரியாடவுன்ல ரூம் போட்டாச்சு. அம்மா தமிழ் டப்பிங்ல கொரியன் சீரியல் ஒண்ணு விடாம பாக்குறவங்க, ஆனா சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. நீங்க கோழி, மீன் சாப்பிடுவீங்க, மாட்டுக்கறி மட்டும் வேண்டாம். எங்க சாப்பிடலாம், ராத்திரி என்ன இருக்கு, கலாச்சாரம்னு பாக்க ஏதாவது உண்டான்னு கேட்டிருக்கீங்க. ஓட்டல் பேரு கேக்கற மாதிரி இருந்தாலும், மாமிசத்துக்குப் பேர் போன ஒரு ஏரியாவுல அம்மாவ பட்டினியும் போடாம, ஒரு ஓரமா உக்காரவும் வைக்காம சுத்திக் காட்ட முடியுமாங்கறதுதான் உங்க கேள்வின்னு எனக்குப் படுது. முடியும். ஆனா வீடியோவுல எல்லாரும் சொல்ற ரூட்ல போனா முடியாது.

என்னப் பத்தி ஒரு வரி: நான் கொரியனும் இல்ல, சமையல்காரனும் இல்ல. இந்த ஏரியாவுல இருக்குற சின்னச் சின்ன ரெஸ்டாரன்ட், பார், மளிகைக் கடைகளுக்குக் கணக்கு எழுதி டாக்ஸ் ஃபைல் பண்றது என் தொழில், வீடும் இங்கயே பல வருஷமா. அதனால ருசியப் பத்தி நான் சொல்றத பாதி நம்புங்க, எந்தக் கடையில எதுக்கு என்ன வாங்குறாங்கங்கறத முழுசா நம்பலாம், ஏன்னா கொள்முதல் பில்லு எல்லாம் என் மேசைக்குத்தான் வருது.

மொதல்ல அம்மா சாப்பாடு, ஏன்னா அதுதான் கஷ்டமான பகுதி. கொரியன் சமையல்ல காய்கறி ரொம்ப அதிகம், அதப் பாத்துட்டு சைவத்துக்கு ஏத்த ஊருன்னு நிறைய பேர் சொல்லிடறாங்க. காய் இருக்கு, ஆனா அந்தக் காய்க்குப் பின்னாடி மீன் இருக்கு. மேசையில மொதல்ல வந்து விழற சின்னச் சின்ன கிண்ணம், பான்சான்னு சொல்லுவாங்க, அதுல இருக்குற கிம்ச்சியில பெரும்பாலும் உப்புல ஊறின குட்டி இறாலோ மீன் சாஸோ இருக்கும். கொதிக்கக் கொதிக்க வர்ற டோஃபு (சோயாப் பன்னீர்) குழம்பு, சோயாபீன் விழுதுல பண்ற தோயன்ஜாங் குழம்பு ரெண்டுக்கும் அடித்தண்ணி காய்ஞ்ச நெத்திலியும் கடல்பாசியும் போட்டுக் கொதிக்க வச்சது. இதுக்கு மேல தாசிதான்னு ஒரு பொடி இருக்கு, மாட்டுக்கறி வாசனைக்காகப் போடற சூப் பவுடர், அது பல சமையலறையில நம்ம வீட்டுல பெருங்காய டப்பா இருக்குற மாதிரி அடுப்புப் பக்கத்துலயே இருக்கும். மெனுவுல 'வெஜிடபிள்'னு போட்டிருக்குற கடையோட பில்லுலயும் காய்ஞ்ச நெத்திலி பெட்டிக் கணக்குல வர்றத நான் மாசாமாசம் பாக்குறேன். அவங்க ஏமாத்துறாங்கன்னு அர்த்தம் இல்ல. இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியலன்னா அது காய்கறிக் குழம்புதாங்கறது அவங்க பழக்கம், அவ்ளோதான்.

மத்தியானம் மூணு மணி வாக்குல, கூட்டம் இல்லாத நேரம், எனக்குத் தெரிஞ்ச ஒரு கடையில கணக்கு நோட்டு வாங்கப் போனா ஹால்லயே ஒரு மேசையச் சுத்தி நாலஞ்சு வயசான அம்மாக்கள் உக்காந்து பெரிய எஃகு பேசின்ல சோயா முளைப்பயறோட வாலக் கிள்ளிட்டு இருப்பாங்க. பக்கத்துல முட்டைக்கோஸ் பாதி பாதியா வெட்டி உப்புத் தண்ணியில கெடக்கும், அதுக்குப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் வாளியில ரோஸ் கலர்ல ஊறின குட்டி இறால், மூடியத் தெறந்தா நம்ம ஊர்க் கருவாட்டுக் கடை வாசல்ல நிக்கிற வாசம். அந்த இறால் ஒரு கரண்டி ஒவ்வொரு இலைக்கும் நடுவுல போகும். ஒரு தடவ இதப் பாத்துட்டா 'கிம்ச்சி சைவமா'ங்கற கேள்வி திரும்ப வராது. சைவக் கிம்ச்சின்னு தனியா இருக்கு, மளிகைக் கடையில பாட்டில்ல லேபிளோட கெடைக்கும், ரெஸ்டாரன்ட்ல தானா வராது.

அப்போ அம்மா என்னதான் சாப்பிடுவாங்க? பிபிம்பாப் இருக்கு, சூடான கல்சட்டியில சோறு, மேல அஞ்சாறு வகைக் காய், நல்லெண்ணெய், காரமான கோச்சுஜாங் விழுது. கறியும் முட்டையும் வேண்டாம்னு ஆர்டர் பண்ணும்போதே சொல்லிடணும், வந்தப்புறம் எடுத்து ஓரமா வைக்கிற கதை வேண்டாம். கோச்சுஜாங்ல சில கடையில மாட்டுக்கறிக் கொத்து வதக்கிச் சேப்பாங்க, அதனால சாஸ தனிக் கிண்ணத்துல கொண்டு வரச் சொல்லிக் கேட்டுக்கங்க. அடுத்து கஞ்சிக் கடை. ஜூக்னு சொல்ற அரிசிக் கஞ்சிக்குன்னே இங்க தனிக் கடைங்க உண்டு, அதுல பூசணிக் கஞ்சியும் சிவப்புப் பயறுக் கஞ்சியும் பொதுவா சைவம்தான், லேசா இனிக்கும், காலையில அம்மாவுக்குப் பிடிக்கும். கோங்குக்சுன்னு ஒண்ணு இருக்கு, சோயாவ ஊற வச்சு அரைச்ச கெட்டிப் பால்ல ஐஸ் போட்டு நூடுல்ஸ், உப்பு நாமளே போட்டுக்கணும், அது வெயில்கால ஐட்டம், அக்டோபர் வெயில்ல இன்னும் வச்சிருந்தாங்கன்னா விடாதீங்க. பிந்தேத்தோக்னு பச்சைப்பயறு அரைச்சுச் சுடற தோசை ஒண்ணு பாத்தவுடனே அம்மாவுக்கு நம்ம வீட்டு ஐட்டம் மாதிரி தெரியும், ஆனா மாவுலயே பன்னிக்கறி கலந்திருக்கும், ஜாக்கிரதை. கடல்பாசித் தாள்ல சோத்தச் சுருட்டுற கிம்பாப்ல ஹேம், மீன் கேக், முட்டை மூணும் இருக்கும். தெருக்கடை தொக்போக்கி, அதாவது காரக் குழம்புல போட்ட அரிசி மாவுக் கொழுக்கட்டை, நெத்திலித் தண்ணியிலதான் கொதிக்கும், மேல மீன் கேக் வேற.

இதுல எது உறுதி, எது இல்லைன்னும் சொல்லிடறேன். கிம்ச்சி, குழம்புத் தண்ணி பத்தி நான் சொன்னது பொதுவான விதி, அதுல சந்தேகம் இல்ல. ஆனா குறிப்பிட்ட ஒரு கடையில குறிப்பிட்ட ஒரு தட்டு சைவமாங்கறது சமையல்காரர் மாறினா மாறும், சப்ளையர் மாறினா மாறும். வெஜிடேரியனான்னு மொட்டையா கேக்காதீங்க, ஆமான்னு சொல்லிடுவாங்க. நெத்திலி உண்டா, இறால் உண்டா, மாட்டு சூப் உண்டா, மீன் சாஸ் உண்டான்னு ஒவ்வொண்ணா கேளுங்க. கொரியன்ல டைப் பண்ணி ஃபோன்ல காட்டுனீங்கன்னா இன்னும் நல்லது, பரிமாறுற அம்மா உள்ள போய்க் கேட்டுட்டு வந்து தலைய ஆட்டுவாங்க. அப்புறம் புத்த மடத்துச் சமையல்னு ஒரு மரபு இருக்கு, அதுல கறி மீன் மட்டும் இல்ல, பூண்டு வெங்காயம் கூட கிடையாது. அந்த மாதிரி பண்றோம்னு சொல்ற கடை கெடைச்சா அம்மாவ தைரியமா கூட்டிட்டுப் போங்க.

சீரியல்ல வர்ற மாதிரி மேசையில அடுப்பு வச்சு சுட்டுச் சாப்பிடணும்னு அம்மா ஆசைப்படறாங்கன்னு எழுதியிருந்தீங்க. நேரா சொல்லிடறேன், உங்க ரெண்டு பேருக்கும் அது பணத்தக் கொண்டு போய்க் கொட்றதுதான். இங்க சுடற கடைன்னா முக்கால்வாசி மாட்டுக்கறி, கல்பி, புல்கோகி, சாதோல் எல்லாமே அதுதான், இந்த ஊரோட பெருமையே அதுலதான் இருக்கு. வெர்மான்ட் ரோட்ல இருக்குற பார்க்ஸ் பார்பெக்யூவுக்கு உலகம் பூரா ஆளு வர்றது மாட்டு விலாவுக்குத்தான். பன்னிக்கறி சாப்பிடறவங்கன்னா வேற வழி இருக்கு. இன்னொரு விஷயம், நிறைய கடையில சுடற ஐட்டத்துக்கு குறைஞ்சது ரெண்டு ஆளுக்கு ஆர்டர் பண்ணணும்னு விதி, காரணம் எளிது: மேசைக்கு கேஸோ கரியோ, தட்டு மாத்தி மாத்தி வைக்க ஒரு ஆளு, ஒரு மணி நேரத்துக்கு மேல இடம், இதெல்லாம் ஒத்த ஆளு பில்லுல கட்டுபடியாகாது. ஓசியா வர்ற பான்சான் கிண்ணம் ஓசி இல்ல, அந்தக் கறி விலையிலயும் சோஜுங்கற கொரியன் சாராய பாட்டில்லயும்தான் அதோட காசு வருது. அதனால சாராயமும் குடிக்காத, கறியும் சாப்பிடாத ரெண்டு பேர் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குப் போய் ஒரு சுடற மேசையப் பிடிச்சா, முகத்துல சிரிப்பு இருந்தாலும் உள்ள சங்கடப்படுவாங்க.

அதுக்குப் பதிலா அடுப்பு அனுபவத்த வேடிக்கையா காட்டுங்க. ஆறாவது தெருவுல சாப்மன் பிளாசான்னு ஒரு பழைய ஸ்பானிஷ் பாணிக் கட்டடம், 1929-ல கார்ல வந்து இறங்கி மளிகை வாங்குறதுக்குன்னே கட்டின சந்தை, நடுவுல முற்றம், சுத்தி இப்போ கறி சுடற கடையும் பாரும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல அந்த முற்றத்துல நின்னா போதும், பேரு கொடுத்துட்டு ஒரு மணி நேரம் காத்திருக்குற கூட்டம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கத்திரிக்கோலால கறிய வெட்டிட்டு இருக்குற பசங்க, புகை, கார வாங்கிட்டுப் போய் நிறுத்துற வாலே பார்க்கிங் ஆளுங்க ஓடுற ஓட்டம், எல்லாம் சேந்து அம்மா பாத்த சீரியல் செட்டேதான். புகை வாசம் அம்மாவுக்கு ஒத்துக்குமான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கங்க, அந்த முற்றத்துல தப்பிக்க முடியாது.

உங்களுக்குன்னு பாத்தா பாடு இல்ல. கொரியன் வறுத்த கோழி, பாதி சாதா, பாதி காரம் இனிப்பு சாஸ், கூட வெள்ளை முள்ளங்கி ஊறுகாய் சதுரம் சதுரமா. தக்கல்பின்னு கோழிய பெரிய தட்டையான சட்டியில முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளியோட வதக்கிக் கொடுக்குறது, கடைசியில அதே சட்டியில சோறு போட்டுப் பிரட்டுவாங்க, அந்தச் சோத்துக்காகவே போலாம். சுட்ட அயிலை மீன் தட்டு மத்தியான சாப்பாட்டுக்கு அருமை. பிசிடி டோஃபு ஹவுஸ்னு ஒரு கடை 1996-ல இந்த ஏரியால ஒரு கொரியன் அம்மா ஆரம்பிச்சது, இப்போ பல ஊர்ல கிளை இருக்கு, வில்ஷயர் ரோட்ல இருக்குறது ராத்திரி ரொம்ப நேரம் வரைக்கும் தெறந்திருக்கும், கடல் ஐட்டம் போட்ட டோஃபு குழம்பு கொதிச்சுட்டே மேசைக்கு வரும். பாருக்கு வர்றவன், ராத்திரி ஷிப்ட் முடிஞ்ச நர்ஸு, சர்ச்சு முடிஞ்சு வர்ற குடும்பம் எல்லாம் ஒரே ஹால்ல இருப்பாங்க. அம்மா அங்க வெறும் சோறும் வேகவச்ச காயும்தான் சாப்பிட வேண்டியிருக்கும், அதனால அது நீங்க தனியா போற இடம்.

அம்மாவுக்கு ரெண்டாவது நாள் நாக்கு செத்துடும், அப்போ ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கங்க. கொரியாடவுன்னு பேரு இருக்கே தவிர இங்க குடியிருக்குறவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் மெக்சிகோ, எல் சல்வடார், குவாத்தமாலா பக்கத்து மக்கள், கொரியர்கள் அதவிடக் குறைவு. கடை முதலாளி கொரியன், சமையலறையில மெக்சிகோவோட ஓஹாக்கா மாநிலத்துக்காரர், ரெண்டு பேரும் அரைகுறை இங்கிலீஷ்லயும் கொரியன்லயும் ஸ்பானிஷ்லயும் பேசிக்குவாங்க, நான் சம்பளக் கணக்கு போடற கடைங்கள்ல இதுதான் வழக்கமான காட்சி. வடக்கால மூணாவது தெருவுல ஒரு துண்டுக்கு 2010-லருந்து அதிகாரபூர்வமா லிட்டில் பங்களாதேஷ்னு பேரு, அங்க பெங்காலி மளிகைக் கடை, சோறு, பருப்பு, பரோட்டா, கத்திரிக்காய் வறுவல் கெடைக்கும். தெருமுனையில வண்டியில மாங்கா, வெள்ளரி, அன்னாசி நறுக்கி எலுமிச்சை பிழிஞ்சு மிளகாய்ப்பொடி தூவித் தர்றாங்க, அம்மா ரெண்டு கப்பு கேப்பாங்க பாருங்க. சாம்பார் சாதம்தான் வேணும்னா ஆர்டீசியாவுல இருக்குற இந்தியக் கடைத்தெருவுக்குப் போகணும், அது தென்கிழக்கால கார்ல ட்ராஃபிக்கப் பொறுத்து ஒரு மணி நேரம் ஆகலாம், இந்த ரெண்டு நாள்ல அதுக்குப் போறது வீண்.

இந்தக் கலப்பு எப்படி வந்துச்சுங்கறத ஒரே கட்டடத்துல காட்டிடலாம். ஒலிம்பிக் ரோடும் நார்மண்டியும் சேர்ற இடத்துக்கிட்ட. 1965-ல அமெரிக்கா குடியேற்றச் சட்டத்த மாத்தினப்புறம்தான் கொரியர்கள் கூட்டமா வர ஆரம்பிச்சாங்க. அதுல ஹி டுக் லீன்னு ஒருத்தர், ஜெர்மனியில சுரங்கத் தொழிலாளியா வேலை பாத்துட்டு இங்க வந்தவர், 1971-ல ஒலிம்பிக் மார்க்கெட்னு மளிகைக் கடை தெறந்தாரு, அப்புறம் 1975-ல விஐபி பேலஸ்னு ஒரு ரெஸ்டாரன்ட், அதுக்குக் கொரியாவுல இருந்தே நீல ஓடு கொண்டு வந்து கூரை போட்டாரு. பக்கத்துல இன்னும் கட்டி இத ஒரு கொரியன் ஊராவே ஆக்கணும்னு அவருக்குப் பெரிய திட்டம், அது பாதியில நின்னுடுச்சு. அந்த நீல ஓட்டுக் கட்டடத்துல இப்போ நடக்குறது கெலகெட்சான்னு ஒரு ஓஹாக்கா உணவகம், நாட்டுலயே பேர் வாங்கின கடை, 2015-ல அமெரிக்காவுல ரெஸ்டாரன்ட்டுக்குத் தர்ற ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கினது. கொரியன் கூரைக்குக் கீழ மெக்சிகோ மோலே குழம்பு. மோலேயில கோழித் தண்ணி இருக்கும், அம்மாவுக்கு சைவமா என்ன இருக்குன்னு தனியா கேக்கணும், ஆனா கட்டடத்த வெளியில இருந்து பாக்கவாவது போங்க. அங்கயே சந்திப்புல பெயின்ட் அடிச்ச கூரையோட ஒரு மரத் திண்ணை மண்டபம் நிக்கும், பக்கத்துல சோல் இன்டர்நேஷனல் பார்க், காலையில கொரியன் தாத்தாக்கள் சதுரங்கம் மாதிரி அவங்க ஆட்டம் ஆடிட்டு இருப்பாங்க.

கலாச்சாரம்னு கேட்டீங்க, அதுல பாரம்பரிய உடை போட்டு ஆடற நிகழ்ச்சி மாதிரி ஏதாவது எதிர்பாத்தீங்கன்னா உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் கொரியன் திருவிழா 1974-லருந்து நடக்குது, அந்தப் பார்க்லதான், தேதி செப்டம்பர் கடைசியில இருந்து அக்டோபர் நடுவு வரைக்கும் வருஷத்துக்கு வருஷம் மாறும். உங்க தேதியோட ஒத்துப் போகுதான்னு இப்பவே பாத்துடுங்க. சாப்பாட்டுக் கூடாரம், ஊர்ப் பொருள் விக்கிற ஸ்டால், பாட்டு, ஊர்வலம், கூட்டம் அள்ளும். கொரியன் கலாச்சார மையம் இந்த ஏரியாவுல இல்ல, வில்ஷயர் ரோட்லயே இன்னும் மேற்கால போகணும், கொரிய அரசாங்கம் நடத்துறது, இலவசம், ஒரு மணி நேரம் போதும்.

1992 பத்தி சொல்லாம இந்த ஏரியாவ சுத்திக் காட்டறது சரியில்ல. ராட்னி கிங்ங்கற கறுப்பினத்தவர அடிச்ச போலீஸ்காரங்கள கோர்ட்டு விடுவிச்சப்போ ஏப்ரல் 29-ல வெடிச்ச கலவரத்துல ஊர் முழுக்க அறுபதுக்கு மேல செத்தாங்க, சேதம் ஏறக்குறைய 100 கோடி டாலர், அதுல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா கொரியர்களோட கடைங்க, ரெண்டாயிரத்துக்கு மேல கடை எரிஞ்சது இல்ல சூறை போச்சு. போலீஸ் வரலங்கறதால கொரியன் ரேடியோவுல எந்தக் கடைக்கு ஆபத்துன்னு சொல்லச் சொல்ல ஆளுங்க ஓடுனாங்க. கொரியர்கள் இத சாஇகுன்னு தேதியாலதான் சொல்லுவாங்க. மொட்டை மாடியில துப்பாக்கியோட நின்னவங்க படத்த வச்சு இப்போ இணையத்துல வீரக்கதை பேசுறாங்க, அந்தக் காலத்துல கடை வச்சிருந்த பெரியவங்கள்ல என்கிட்ட இதப் பத்திப் பேசினவங்க யாரும் அந்தத் தொனியில பேசல. இன்சூரன்ஸ் கம்பெனி காசு தரல, கடை திரும்ப எழும்பல, இதுதான் அவங்க பேச்சு. நீங்களா போய் இத ஆரம்பிக்காதீங்க, அவங்களா சொன்னா கேளுங்க.

அதே மாதிரி நம்ம ஆளுங்க கொரியனப் பாத்தவுடனே ஆரம்பிக்கிற இன்னொரு பேச்சு, நம்ம ஊர் இளவரசி கப்பல்ல போய் கொரிய ராஜாவக் கட்டிக்கிட்ட கதை. 13-ஆம் நூற்றாண்டு கொரிய நூல் ஒண்ணுல ஆயுதாங்கற நாட்டுல இருந்து வந்த ராணின்னு இருக்குறது உண்மை. அந்த ஆயுதா அயோத்தியா, கன்னியாகுமரிப் பக்கமா, வேற எங்கயாவதாங்கறது முடிவாகாத விஷயம், கதை நடந்ததா சொல்ற காலத்துக்கும் நூலுக்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல இடைவெளி வேற. சர்வர்கிட்ட இதச் சொல்லி சொந்தம் கொண்டாடாதீங்க, பாவம் அவரு கலிபோர்னியாவுல பொறந்த பையன்.

ராத்திரி விஷயத்துக்கு வர்றேன். அம்மாவோட போறதா இருந்தா நோரேபாங். நம்ம நினைக்கிற மாதிரி மேடையில ஏறிப் பாடற கரோக்கே இல்ல, உங்களுக்குன்னு ஒரு ரூம், மணிக்கணக்குல வாடகை, ரெண்டு மைக், ஒரு தம்புரின், பாட்டு முடிஞ்சதும் மெஷின் மார்க் போடும். தமிழ்ப் பாட்டு மெஷின்ல எதிர்பாக்காதீங்க, சில கடையில ஃபோன டிவியில கனெக்ட் பண்ண விடுவாங்க, புக் பண்ணும்போதே கேளுங்க. வெள்ளி சனி பத்து மணிக்கு மேல விலை ஏறும், மத்தியானம் பாதி விலைக்குக் கூட கெடைக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும், துணைக்குப் பொண்ணுங்கள அனுப்புற மாதிரி இடங்களும் உண்டு, வாசல்ல குடும்பம், காலேஜ் பசங்க போய் வர்றாங்களான்னு பாத்துட்டு நுழைங்க, குழப்பமே இருக்காது.

உங்க கசினோட தனியா பாருக்குப் போவேன்னு சொன்னீங்களே, அதுக்கு மூணு விஷயம். கலிபோர்னியாவுல 21 வயசு, ஒரிஜினல் ஐடி, ராத்திரி ரெண்டு மணிக்கு சரக்கு கட். ஒண்ணரைக்கே கடைசி ஆர்டர் எடுத்துடுவாங்க, ரெண்டு மணிக்கு பாட்டிலயே மேசையில இருந்து தூக்கிடுவாங்க, கெஞ்சிப் பிரயோஜனம் இல்ல, அவங்க லைசென்ஸ் போயிடும். ரெண்டாவது, இங்க குடின்னா கூட சாப்பாடு ஆர்டர் பண்றதுதான் முறை, வெறும் பாட்டிலோட உக்காந்தா விட மாட்டாங்க இல்ல முறைப்பாங்க. ஆறாவது தெருவுல தான் சுங் சான்னு ஒரு பழைய கடை, கொரியாவுல தெருவோரக் கூடாரத்துல நடக்குற குடிக்கடை பாணி, இருட்டா மரமும் சுவத்துல கிறுக்கலும், நடுவுல குச்சியில குத்தி சுடற அடுப்பு. சிவப்பு லெதர் சோபா வேணும்னா தி பிரின்ஸ்னு ஒரு பழங்கால பார், சினிமா ஷூட்டிங் நிறைய நடந்த இடம், வறுத்த கோழி அங்க பிரமாதம். மூணாவது, சோஜு. பச்சை பாட்டில், 360 மில்லி, 16, 17 சதவீதம்தான் சாராயம், இனிப்பா எறங்கும், எழுந்திரிக்கும்போதுதான் தெரியும். இந்த ஊர்ல ஒவ்வொரு சின்னக் கடையிலயும் சோஜு கெடைக்கிறதுக்கு ஒரு காரணம் உண்டு: பீரும் ஒயினும் விக்கிற சாதா லைசென்ஸ்லயே 24 சதவீதம் வரைக்கும் சோஜுவும் விக்கலாம்னு 1998-ல மாநிலச் சட்டத்துல விலக்கு கொடுத்தாங்க. முழு சாராய லைசென்ஸ் சின்ன முதலாளிக்கு எட்டாத விலை. அந்த ஒரு விலக்கு இல்லன்னா இந்த நைட்லைஃப்ல பாதி இருக்காது, இத நான் கணக்குப் பாத்துதான் சொல்றேன்.

மேசையில உங்கள விட மூத்த கொரியர் யாராவது இருந்தா, அவங்களுக்கு ரெண்டு கையால ஊத்துங்க, வாங்கும்போதும் ரெண்டு கை, குடிக்கும்போது முகத்தக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கணும். தன் கிளாஸத் தானே நிரப்பிக்க மாட்டாங்க. உங்க வயசுப் பசங்க இதெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, பெரியவங்களுக்கு மட்டும் பண்ணுங்க, முகம் மலரும்.

கொரியன் ஸ்பாவுக்கு அம்மாவக் கூட்டிட்டுப் போலாமான்னு கடைசியில கேட்டிருந்தீங்க. வில்ஷயர்ல வீ ஸ்பான்னு பெருசா ஒண்ணு இருக்கு, ஆம்பள பொம்பளைக்குத் தனித் தனி மாடி, அப்புறம் எல்லாரும் டி-ஷர்ட் ஷார்ட்ஸ் போட்டுட்டு உக்கார்ற ஒரு பொது மாடி, அதுல உப்பு ரூம், களிமண் ரூம், ஐஸ் ரூம், சூடான தரையில படுத்து டிவி பாக்கலாம். சீரியல்ல தலையில துண்ட ரெண்டு கொம்பு மாதிரி சுருட்டிட்டு முட்டை உடைச்சுத் தின்னுட்டு இருப்பாங்களே, அதுதான் அந்த மாடி. ஆனா குளிக்கிற மாடியில துணி இல்லாம இருக்குறதுதான் விதி, துண்டு கூட பேருக்குத்தான், பக்கத்துலயே ஊர் பேர் தெரியாத அம்மாக்கள் ஹாயா உக்காந்து தேய்ச்சுட்டு இருப்பாங்க. இத அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. அவங்களுக்கு ஒத்துவரலன்னா லாக்கர்ல டிரஸ் மாத்திட்டு நேரா பொது மாடிக்கு வந்துடலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ரத்த அழுத்த மாத்திரை போடறவங்களா இருந்தா சூட்டு ரூம் வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்கலாம், அதையும் கேட்டுட்டுப் போங்க.

போக்குவரத்து: கார் எடுக்காதீங்க. இங்க பார்க்கிங் தேடறதுலயே ராத்திரி முடிஞ்சிடும், அதனாலதான் நாலு மேசைக் கடைக்குக் கூட வாலே ஆளு நிக்கிறான். வில்ஷயர் ரோட்ல வெர்மான்ட், நார்மண்டி, வெஸ்டர்ன் மூணு ஸ்டேஷன்லயும் டி லைன் ரயில் நிக்கும், மூணுமே நடக்குற தூரம். வெஸ்டர்ன்ல வெளிய வந்தா எதிர்ல பச்சைநீலக் கலர்ல வில்டர்ன் தியேட்டர், 1931 கட்டடம், அங்க இருந்து கிழக்கால நடந்தீங்கன்னா அமெரிக்க செனட்டர் ராபர்ட் கென்னடி பேர்ல ஒரு பெரிய ஸ்கூல் வளாகம் வரும், அவர 1968-ல சுட்ட அம்பாசடர் ஹோட்டல் நின்ன இடம் அது, ஹோட்டல இடிச்சுட்டாங்க.

ராத்திரி பாதுகாப்பு பத்தி பயப்படற அளவுக்கு இல்ல, அலட்சியமாவும் இருக்க வேண்டாம். வில்ஷயர், ஆறாவது தெரு, வெஸ்டர்ன் ரோட்ல நடுராத்திரி வரைக்கும் கூட்டம் இருக்கும். குறுக்குச் சந்துல நடைபாதையில கூடாரம் போட்டு வீடில்லாதவங்க இருப்பாங்க, அவங்க வழி அவங்களுக்கு, உங்க வழி உங்களுக்கு. பதினோரு மணிக்கு மேல அம்மாவோட ரயில் வேண்டாம், வாடகைக் கார் பிடிச்சுக்கங்க. பில்லு வந்ததும் ஒரு தடவ படிங்க: விற்பனை வரி பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழ, அதுக்கு மேல சில கடையில சர்வீஸ் சார்ஜ் தானா சேந்திருக்கும், அது இருந்தா டிப்ஸ் தனியா 18, 20 சதவீதம் வைக்க வேண்டியதில்ல. மேசையில ஒரு பெல் பட்டன் இருக்கும், அத அமுக்குறது மரியாதைக் குறைவு இல்ல, அதுக்குத்தான் வச்சிருக்காங்க. எந்தத் தேதி, அம்மா எவ்ளோ தூரம் நடப்பாங்கன்னு சொன்னீங்கன்னா மத்தியானத்துக்கு எங்க, ராத்திரிக்கு எங்கன்னு வரிசையா எழுதித் தர்றேன்.